நடுப்பலகை

போன மாதம் அழகர்கோவில் போகும் வழியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். பந்திக்குக் கூப்பிட்டதும் நான் போய் நடு வரிசையில், நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். "அப்பா, அதெல்லாம் பொண்ணு வீட்டுப் பெரியாளுகளுக்குப்பா. எந்திரிங்க, ஓரமா போயிருவோம்" என்று நீங்கள் இருவரும் என் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். நான் எழுந்திருக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் சின்னவள் கேட்டாள்: "எங்க போனாலும் நடுவுலதான் உக்காருவீங்களா? வெக்கமா இருக்குப்பா."

பஸ் சத்தத்தில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு முன்பு நான் தெற்கு மாசி வீதியில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்த்தேன். அந்தக் கடை ஒரு பழைய மரக் கட்டடத்தில் இருந்தது. மரக் கட்டடம் என்றால் கதவும் ஜன்னலும் மரம் என்று நினைக்காதீர்கள். முதலில் தேக்குத் தூண்களை நிறுத்தி, மேலே உத்திரம் ஏற்றி, குறுக்குச் சட்டங்கள் அடித்து, எலும்புக்கூடு மாதிரி முழுக் கட்டடத்தையும் மரத்திலேயே நிற்க வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் இடைவெளிகளில் செங்கல் வைத்துப் பூசியிருக்கிறார்கள். தெருவில் நின்று பார்த்தால் வெள்ளைச் சுவரில் கறுப்புக் கோடு இழுத்த மாதிரி மரங்கள் தெரியும். மாடி மட்டும் தெருப்பக்கம் ஒரு முழம் துருத்திக்கொண்டு நிற்கும். யார் கட்டியது என்று முதலாளிக்கே தெரியாது. யாராவது பாத்திரத்துக்கு அதிகமாகப் பேரம் பேசினால், "பர்மாவுல இருந்து கப்பல்ல வந்த மரம்ண்ணே இது, இங்க வந்து இப்பிடிக் கொறைக்கச் சொல்றீகளே" என்பார். மரத்துக்கும் குக்கருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை.

மாடித் தரை முழுவதும் பலகை. கால் வைத்தால் முனகும். நடுவில் வைத்தால் கொஞ்சம் அதிகமாக முனகும்.

அந்த மாடியில் ஒரு அக்கா மெஸ் நடத்தினார். மத்தியானச் சாப்பாடு மட்டும். போர்டு கிடையாது. கடைத்தெருவில் எல்லாருக்கும் அவர் மாடி அக்கா. பின்கட்டில் தகரக் கொட்டகை போட்டுச் சமைத்து, கடைக்குள் இருக்கும் மரப்படி வழியாக மேலே கொண்டுபோவார். படிக்கு வேறு வழி இல்லை. யார் மாடிக்குப் போனாலும் எங்கள் கல்லாவைத் தாண்டித்தான் போகவேண்டும். பெரிய அண்டாவை அவர் ஒருநாளும் மேலே ஏற்றமாட்டார். சின்னச் சின்ன வாளிகளில் சோறு, குழம்பு, ரசம் என்று பிரித்துப் பிரித்து ஏற்றுவார். அரிசி மூட்டை படிக்குக் கீழேயே கிடக்கும். "மூட்டை மேல ஏறுனா மனுசன் கீழ வந்துருவான்" என்பார்.

அக்கா நல்ல கனத்த உடம்பு. நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒரு மகள் நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பும் இரண்டு பேருக்கான சோறும் இந்த மாடியிலிருந்துதான் வந்தன.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்லவேண்டும். யாரையும் தன் இஷ்டத்துக்கு உட்கார விடமாட்டார். படியேறி வருகிற ஆளைக் காலில் தொடங்கித் தலை வரை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை முடிந்ததும், "நீ நடு" என்பார், அல்லது "நீங்க ஓரம்" என்பார். அவ்வளவுதான். ஒல்லியான ஆள் நடுப்பலகையில். கனத்த ஆள் சுவரோரம்.

சுவருக்குள் தூண் இருக்கிறது, அதனால் ஓரம் எவ்வளவும் தாங்கும், நடுவில் வெறும் பலகை, அது தாங்காது. இது அவர் போட்ட கணக்கு. கடையின் உள்கூரையில் அழகுக்காகப் பலகை அடித்துப் பெயிண்ட் பூசியிருந்ததால், மேலே எந்த மரம் எங்கே ஓடுகிறது என்று யாராலும் பார்க்க முடியாது. அதனால் அவர் கணக்கை யாரும் மறுக்கவும் இல்லை.

அவரும் கனம் என்பதால் நடுவில் கால் வைக்கமாட்டார். சுவரை ஒட்டியே சுற்றி வந்து பரிமாறுவார். நடுவில் இருப்பவர்களுக்கு என்ன வழி? ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் வாளியை வாங்கி நடுவில் இருப்பவர்களுக்கு ஊற்றவேண்டும். அதுதான் அங்கே சட்டம். நகைக்கடைக்காரர் சுமை தூக்குகிறவருக்குச் சோறு போடுவார். வக்கீல் குமாஸ்தா எங்களுக்கு ரசம் ஊற்றுவார். புதிதாக வந்தவர் முகம் சுளித்தால், "கையில என்ன வாளியா, பாம்பா? ஊத்துங்கண்ணே" என்பார்.

ஒல்லியாக இருந்த பூக்கடைப் பையன் ஒருவன் கல்யாணம் முடிந்து, மாமியார் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அக்கா பார்த்த பார்வையிலேயே, "ஓரம்" என்றார்.

"அக்கா, நேத்து வரைக்கும் நடுவுல இருந்தவன்க்கா நானு!"

"நேத்து நீ ஒரு ஆளு. இன்னைக்கு ஒன்றரை ஆளு. போ."

சித்திரைத் தேர் மாசி வீதியில் வரும் அன்று முதலாளி வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லாரும் மாடியில் நின்று பார்க்க வருவார்கள். அக்கா படியை மறித்துக்கொண்டு நிற்பார். "பாத்தவுக எறங்குங்க, பாக்காதவுக ஏறுங்க. சாமி சுத்தித்தான் வரும், ஓடிராது." முதலாளியின் மாமியாரையே ஒருமுறை பாதிப் படியில் நிறுத்திவைத்தார். அந்த அம்மாள் பாதிப் படியிலிருந்தே தேர் வரும் சத்தத்தைக் கேட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தெருவில் நின்று கட்டடத்தைப் போட்டோ எடுத்தார்கள். கூட வந்த கைடு சொன்னார், அவர்கள் இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன டவுனாம், அந்த ஊர்க் கடைத்தெருவிலும் இதே மாதிரி மரம் தெரிகிற பழைய கட்டடம் ஒன்று இருக்கிறதாம், வெள்ளைச் சுவரும் கறுப்பு மரமுமாக, மாடி இப்படியே முன்னால் துருத்திக்கொண்டு. அவர்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மேலே ஏறி வந்து பலகையைத் தடவிப் பார்த்தார்கள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அங்க கனத்த ஆளுகளை எங்குட்டு உக்கார வைக்கிறாகளாம்? கேட்டுச் சொல்லுங்க."

கைடு அதை இங்கிலீஷில் சொல்ல, அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அந்த வெள்ளைக்காரர் நல்ல உயரம், நல்ல கனம். அவரைச் சுவரோரம் உட்காரவைத்து ஒரு வாய் சோறு போட்டுத்தான் அனுப்பினார்.

இனி நான் முதல் நாள் மாடிக்குப் போனதைச் சொல்கிறேன்.

உங்களுக்கு நம் ஊர் தெரியும். பேரையூர் பக்கம், மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் கருவேலமரம். உங்கள் தாத்தா பிறத்தியார் காட்டில் கூலி வேலை பார்த்தவர். நமக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. நாங்கள் எங்கே போனாலும் யாராவது ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "அங்கிட்டுப் போய் உக்காரு" என்று கையைக் காட்டுவார். டீக்கடையிலும் அப்படி, கல்யாண வீட்டிலும் அப்படி. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு என்ன அர்த்தம் என்றும் தெரியும்.

மதுரையில் அது இருக்காது என்று நினைத்துத்தான் வந்தேன். முதல் நாள் பசியோடு படியேறினேன். அக்கா காலிலிருந்து தலை வரை பார்த்தார். என் செருப்பில்லாத காலில் அவர் பார்வை கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு கரண்டியை நீட்டி, "நீ அங்க உக்காரு" என்றார்.

அவர் காட்டியது எந்த இடம் என்றுகூட நான் பார்க்கவில்லை. திரும்பிப் படியில் இறங்கிவிட்டேன். எதிர்க்கடையில் ஒரு பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டு வந்து எவர்சில்வர் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் பன்தான்.

கடையில் எனக்கு மூத்தவர் காதர் அண்ணன். கோரிப்பாளையத்துக்காரர். தொப்பையைக் கல்லா மேசையில் வைத்துக்கொண்டுதான் பில் எழுதுவார். அவர் கேட்டார்: "என்னடா மாப்ள, சோத்துக்கு வராம பன்னு தின்னுட்டுத் திரியிற? யார் மேல கோவம்?"

நான் முதலில் சொல்லவில்லை. விடாமல் கேட்டதால், "அந்தக்கா ஆள் பாத்து எடம் சொல்லுதுண்ணே. எனக்கு அப்பிடிச் சாப்பிட வேணாம்" என்றேன்.

காதர் அண்ணன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரிக்கவில்லை.

"ஆமாடா, ஆள் பாத்துத்தான் சொல்லுது. ஆனா எதைப் பாக்குதுன்னு நெனச்ச? எடைய. நான் எம்புட்டு வருசமா செவுத்தப் பாத்துச் சோறு திங்கிறேன் தெரியுமா? அந்தச் செவுத்துல எங்க எங்க காரை பேந்துருக்குன்னு கேளு, சொல்றேன். உனக்கு எங்கடா காட்டுச்சு?"

"பாக்கல."

"வா, நானே கூட்டிட்டுப் போறேன்."

போனோம். அக்கா மறுபடியும் அதே பார்வை பார்த்தார். "அன்னைக்கே நடுவுல உக்காருன்னு சொன்னேன், ஓடிப்போயிட்டான். எலும்பு எண்ணலாம் போல இருக்கான், இவனுக்கு எங்க இருந்து அம்புட்டு ரோசம்?" என்றார். நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஒரு இலை போட்டிருந்தது. போய் உட்கார்ந்தேன். பலகை முனகியது. அக்கா தலையைத் திருப்பி, காது கொடுத்துக் கேட்டார். பிறகு, "தாங்கும், சாப்புடு" என்றார்.

வாழ்க்கையில் அதற்கு முன் நான் ஒரு பந்தியின் நடுவில் உட்கார்ந்ததில்லை.

சில மாதம் கழித்து எங்கள் ஊர்ப்பக்கத்து நிலக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க எங்கள் கடைக்கு வந்தார். பருத்தி வியாபாரமும் செய்கிறவர். உங்கள் தாத்தா வேலை பார்த்தது அவர் காட்டில்தான். பெரிய வியாபாரம் என்பதால் முதலாளி, "மேல போய்ச் சாப்பிட்டு வாங்கண்ணே" என்று அனுப்பிவைத்தார். நான் அப்போது நடுவில் உட்கார்ந்து பாதிச் சாப்பாட்டில் இருந்தேன்.

அவர் நேராக நடுவுக்கு வந்தார். அக்கா, "அண்ணே, நீங்க ஓரம்" என்றார்.

"நானா?"

"ஆமாண்ணே. பலகை தாங்காது."

அவர் என்னைப் பார்த்தார். யார் என்று தெரிந்துகொண்டார். "இவன் யாரு தெரியுமாம்மா உனக்கு?" என்று கேட்டார்.

எழுந்துவிடலாம் என்று இடது கையைத் தரையில் ஊன்றினேன்.

"தெரியும். அம்பது கிலோ தேறமாட்டான்" என்றார் அக்கா. "நீங்க நூத்துக்கு நெருங்கி இருக்கீக. டேய், எந்திரிக்காத, எந்திரிச்சா ஒரே எடத்துல பாரம் எறங்கும். உக்காரு."

சுவரோரம் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். காதர் அண்ணன் நகர்ந்து இடம் கொடுத்து, "வாங்கண்ணே, நம்ம ரெண்டு பேரும் கனத்த கச்சி" என்றார். பருத்திக்காரர் வேறு வழியில்லாமல் சுவரோரம் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அக்கா குழம்பு வாளியை அவர் கையில் கொடுத்து, என் பக்கம் தாடையால் காட்டினார். அவர் வாளியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு எட்டி எனக்கு ஒரு கரண்டி ஊற்றினார். நான் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாயந்திரமே விஷயம் ஊருக்குப் போய்விட்டது. உங்கள் தாத்தா பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேசினார்.

"ஐயா ஓரத்துல உக்காந்து நீ நடுவுல உக்காந்தியாமே. எந்திரிச்சு நின்னிருக்கக் கூடாதாப்பா?"

"எந்திரிக்கத்தான் போனேன்ப்பா. எந்திரிச்சா பலகை முறிஞ்சிரும்னு அந்தக்கா வஞ்சுச்சு."

தாத்தா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "குழம்பு ஊத்துனாராமே?"

"ஆமாப்பா."

"என்ன குழம்பு?"

"கத்திரிக்கா."

"சரி, உடம்பைப் பாத்துக்க" என்று வைத்துவிட்டார். அப்புறம் ஊருக்குப் போகும்போதெல்லாம் உங்கள் தாத்தா அந்தக் கத்திரிக்காய்க் குழம்பை என்னிடம் சொல்லச் சொல்லிக் கேட்டார். அது வேறு கதை.

பருத்திக்காரர் அதோடு நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. வியாபாரத்துக்கு மதுரை வரும்போதெல்லாம் மாடிக்கு வந்தார். அக்காவின் கைப்பக்குவம் அப்படி. முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வாளியை நீட்டினார். போகப்போக, "இந்தா, இன்னும் கொஞ்சம் ஊத்திக்க, வயசுப்பய இம்புட்டா திம்பான்?" என்று கேட்க ஆரம்பித்தார். ஒருநாள், "ஓங்கப்பனுக்கு முட்டுவலி எப்பிடி இருக்கு?" என்று விசாரித்தார். ஊரில் அப்படி ஒரு வார்த்தை அவர் எங்களிடம் கேட்டதில்லை. இங்கே கேட்டார். சுவரோரம் உட்கார்ந்து, கையில் ரச வாளியோடு.

அடுத்த மழைக்காலத்தில்தான் அந்தக் காரியம் நடந்தது. கடைக்குப் புது லைட் மாட்டுவதற்காக முதலாளி உள்கூரைப் பலகைகளைக் கழற்றச் சொன்னார். தச்சு ஆசாரி நாலு பலகையைக் கழற்றிவிட்டு, ஏணியிலிருந்து இறங்காமலே, "அண்ணே, இங்க வந்து பாருங்க" என்றார்.

நாங்கள் எல்லாரும் பார்த்தோம். கட்டடத்தின் நட்டநடுவில், முன்னிருந்து பின்வரை, இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியாத அளவுக்கு ஒரு தேக்கு உத்திரம் ஓடியது. ஒரு கீறல் கிடையாது. ஆனால் சுவரோரம், சட்டங்களின் முனை சுவருக்குள் போகிற இடமெல்லாம், மழைநீர் இறங்கி, கறையான் ஏறி, பஞ்சு மாதிரி இருந்தது. ஆசாரி விரலால் குத்தினார். விரல் உள்ளே போனது.

நடுதான் வலு. ஓரம்தான் ஆபத்து. அக்கா கனத்த ஆட்களை எல்லாம் சரியாகத் தேடித் தேடி ஆபத்தான இடத்தில்தான் உட்காரவைத்திருக்கிறார்.

அக்கா பின்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து அண்ணாந்து பார்த்தார். பிறகு காதர் அண்ணனைப் பார்த்து, "அப்ப உன்னைக் கொல்லத்தான் இம்புட்டு நாளா சோறு போட்டேனா?" என்றார்.

"அல்லா காப்பாத்திட்டான்க்கா. இருந்தாலும் கேஸ் போடலாம்னு இருக்கேன்" என்றார் காதர் அண்ணன்.

எல்லாரும் சிரித்தோம். முதலாளி சிரிக்கவில்லை. "மெஸ்ஸை நிறுத்திருவோம்மா. நாளைக்கு ஒண்ணுன்னா ஊரே என்னையத்தான் கேக்கும்" என்றார். மாடிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

அக்கா கெஞ்சவில்லை. பின்கட்டுக்குப் போய் அடுப்பை அணைத்தார். நான் தண்ணீர் குடிக்கப் போனபோது, ஆக்கிய சோற்றுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். "பிள்ளைக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு இருக்கு" என்றார். என்னிடம் சொன்னாரா, சோற்றிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

மெஸ்ஸைக் காப்பாற்றியது பருத்திக்காரர்தான். அதை மறைக்கக் கூடாது. விஷயம் கேள்விப்பட்டதும், அங்கே சாப்பிடுகிற இன்னும் சில வியாபாரிகளைக் கூட்டிக்கொண்டு வந்து முதலாளியிடம் பேசினார். "சட்டத்துக்கு அடியில இரும்பு குடுத்துத் தூக்குனா சரியாயிரும். கட்டடமும் தப்பிக்கும், அந்தம்மா பொழப்பும் தப்பிக்கும்" என்றார். அவர் சொன்னால் முதலாளி கேட்பார். வெல்டிங்காரர்கள் வந்தார்கள். சுவரோரமாக இரும்புத் தூண் நிறுத்தி, அதன் மேல் தண்டவாளம் மாதிரி இரும்புச் சட்டம் போட்டு, மரச்சட்டங்களை எல்லாம் அதில் ஏற்றி உட்காரவைத்தார்கள். பிடித்துக்கொடுக்க நானும் காதர் அண்ணனும் நின்றோம். முடிந்ததும் வெல்டிங் மேஸ்திரி மாடியில் ஏறி, நடுவிலும் ஓரத்திலும் குதித்துக் காட்டினார். "இனிமே கோயில் யானையைக் கொண்டாந்து கட்டலாம்" என்றார். கவனித்துக் கேட்டேன். பலகை முனகவே இல்லை.

மெஸ் மறுபடி திறந்தது. முதல் நாள் அக்கா வாளியோடு நடுப்பலகையில் மெதுவாகக் காலை வைத்தார். இன்னொரு காலையும் வைத்தார். சிரித்தார். "இனி எங்க வேணாலும் உக்காருங்க" என்றார்.

எல்லாரும் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்தோம். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் பருத்திக்காரரும் அவர் கூட்டாளிகளும் மின்விசிறிக்குக் கீழே நடுவில் உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த நாள் யாரோ அங்கே துண்டு போட்டு இடம் பிடித்துவைத்தார்கள். சுமை தூக்கும் அண்ணன் ஒருவர் பழக்கத்தில் நடுவில் போய் உட்கார, "அண்ணே, இங்க ஆள் வாராக, கொஞ்சம் அங்குட்டு" என்றார்கள். தன்மையாகத்தான் சொன்னார்கள். அவரும் சிரித்துக்கொண்டே எழுந்தார். அக்காவே நடுவில் வந்து பரிமாறியதால் யாரும் யாருக்கும் வாளி தூக்க வேண்டியிருக்கவில்லை. பருத்திக்காரர் என்னைப் பார்த்தால் தலையசைப்பார். தாத்தாவின் முட்டுவலியை அதற்குப் பிறகு விசாரிக்கவில்லை. கெட்ட எண்ணம் இல்லை. பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

நான் எங்கே உட்கார்ந்தேன் என்று கேட்பீர்கள். கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில். என்னை யாரும் அங்கே போகச் சொல்லவில்லை. நானாகவே போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்து சாப்பிட்டு முடித்து, கை கழுவும்போதுதான் அது எனக்கே தெரிந்தது.

அக்கா பரிமாறிக்கொண்டே பார்த்தார். காலிலிருந்து தலை வரை பார்க்கும் அந்தப் பார்வை இல்லை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் பார்த்தார்.

ஒரு வாரம் போயிருக்கும். ஒருநாள் நாங்கள் மேலே ஏறியபோது அக்கா கரண்டியோடு வழியில் நின்றார். மாடி நிறையப் பேர் இருந்தார்கள்.

"எல்லாரும் ஒரு நிமிசம் எந்திரிங்க" என்றார். "வெல்டிங்காரரு நேத்து வந்து பாத்துட்டுப் போனாரு. இரும்பு இன்னும் சரியாப் பிடிக்கலையாம். பழையபடி எடை பாத்துத்தான் உக்காரணும்னு சொல்லிட்டாரு."

காதர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் காதர் அண்ணனைப் பார்த்தேன். முந்தின நாள் காலையிலிருந்து கடை அடைக்கும் வரை, சாப்பிட மேலே போன நேரம் தவிர, நாங்கள் இருவரும் கல்லாவை விட்டு நகரவில்லை. எங்களைத் தாண்டி எந்த வெல்டிங்காரரும் மேலே போகவில்லை.

பருத்திக்காரர் இலைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "யம்மா, நாஞ் சொல்லித்தான் இரும்பே போட்டது" என்றார். "சரி, பிடிக்கலைன்னே வச்சுக்குவோம். உத்திரம் நடுவுலதான ஓடுது? ஓரந்தான இத்துப்போயிருந்துச்சு? அப்ப கனத்த ஆளு நடுவுலல்ல உக்காரணும்?"

அது நியாயமான கேள்வி. அவர் கீழே போய் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் அன்றோடு மெஸ் முடிந்தது. அந்தப் பிள்ளையின் படிப்பும் முடிந்தது. அது அக்காவுக்கும் தெரியும்.

"அண்ணே," என்றார் அக்கா. "நீங்க இல்லைன்னா இன்னைக்கு இந்த அடுப்பு எரியாது. அதை நான் மறக்கல. ஆனா எனக்கு மரத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. எனக்குத் தெரிஞ்சது சோறு போடுறது. இந்த மாடியில இப்பிடி உக்காந்தாத்தான் எனக்குப் போட வருது. நீங்க ஓரம்ண்ணே."

பருத்திக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மாடியைச் சுற்றிப் பார்த்தார். தொட்டிப் பக்கம் நின்ற என்னிடம் வந்ததும் அவர் பார்வை நின்றது. என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். இலையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரம் போனார்.

"காதரு, தள்ளி உக்காருப்பா. ரெண்டு பேரும் ஒரே கச்சிதான்" என்றார்.

"வாங்கண்ணே வாங்கண்ணே. செவுத்துல புதுசா ரெண்டு எடத்துல காரை பேந்துருக்கு, காட்டுறேன்" என்றார் காதர் அண்ணன்.

அக்கா அப்போதுதான் என்னைப் பார்த்தார். "நீ என்னடா தொட்டிகிட்ட நிக்கிற? ஒன்னைய வேற கூப்பிடணுமா? நடுவுல வா."

பேசி முடித்ததும் அவர் நடுப்பலகையிலிருந்து காலை எடுத்துவிட்டார். ஒரு வாரமாகத் தைரியமாக நடந்த இடம்தான். அன்றிலிருந்து மறுபடி சுவரை ஒட்டியே நடந்தார். மகள் படித்து முடித்துத் திருப்பூரில் வேலை கிடைத்து, அவரைக் கூட்டிக்கொண்டு போகும் வரை அப்படித்தான் நடந்தார். கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது. கீழே செல்போன் கடை, மாடியில் அட்டைப்பெட்டிகள்.

அன்று நான் என் இலையை எடுத்துக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். பருத்திக்காரர் ஓரத்திலிருந்து எட்டிக் குழம்பு வாளியை நீட்டி, "ஓங்கப்பனுக்கு முட்டுவலி எப்பிடிடா இருக்கு?" என்றார்.

அக்கா வழக்கம்போலத் தலையைத் திருப்பிக் காது கொடுத்துக் கேட்டார். பலகை முனகவில்லை.

"தாங்கும், சாப்புடு" என்றார்.